நாலாயிரம் ரூபாய் கார்டும் கெம்புஹொளே பாலமும்

மொகண்ண கௌடா முப்பத்தோரு வருடம் ஹாசனிலிருந்து மங்களூருக்கு அரசு பஸ் ஓட்டியவர். இத்தனை வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். கோழிகள் தரப்பை யாரும் விசாரிக்காததால் அந்தப் பேச்சு அப்படியே நிலைத்துவிட்டது. ஒன்று மட்டும் உண்மை. சகலேஷ்புரம் தாண்டி சிராடி மலைப்பாதையில் இறங்கும்போது, வேறு டிரைவர் என்றால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தர்மஸ்தலா மஞ்சுநாதனைக் கூப்பிடுகிற ஜனங்கள், இவர் வண்டியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள்.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கையில் கண் பரிசோதனை வந்தது. சுவரில் தொங்கிய அட்டையில் மேலே இருந்த ஒற்றைப் பெரிய எழுத்தை கௌடா கம்பீரமாகப் படித்தார். கீழே இறங்க இறங்கக் குரலும் இறங்கியது. கடைசி மூன்று வரிகளுக்கு, "ரோட்டுல எழுத்தா இருக்கு டாக்டரே, வளைவுதானே இருக்கு?" என்று கேட்டுப் பார்த்தார். டாக்டருக்கு அந்த வாதம் எடுபடவில்லை. மறுநாள் கௌடாவை வண்டியிலிருந்து இறக்கி, கையில் டிப்போ கேட் சாவியைக் கொடுத்தார்கள்.

கடைசி ட்ரிப் போகும் டிரைவருக்கு வண்டியிலேயே மாலை போடுவார்கள், மைசூர்பாகு கொடுப்பார்கள், கண்டக்டர் கொஞ்சம் அழுவார். கௌடாவுக்கு அது எதுவும் கிடைக்கவில்லை. முந்தின செவ்வாய்க்கிழமை கொட்டுகிற மழையில் மங்களூரிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாரே, அதுதான் கடைசி ட்ரிப் என்று அவருக்கே தெரியாது. தெரிந்திருந்தால் மலையடிவாரத்து நெல்யாடியில் இன்னொரு காபி குடித்திருப்பேன் என்பார். பிற்பாடு கண்ணில் ஆபரேஷன் ஆகி எல்லா வரியும் படிக்க வந்தது. அதற்குள் ஓய்வும் வந்துவிட்டது. மலையில் இன்னொரு தடவை இறங்கி, நெல்யாடி வரை முறையாகப் போய் நிறுத்த வேண்டும் என்கிற ஆசை மட்டும் உள்ளே முள்ளாகத் தங்கிவிட்டது.

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மகள் கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது. அவள் கல்யாணமாகிப் புனேவுக்குப் போனபோது நகைகளையும் புடவைகளையும் எடுத்துக்கொண்டு இதை மட்டும் அம்மா வீட்டுச் சீதனமாகவே விட்டுப் போனாள். மனைவி தாயம்மா அதற்குப் பூ வேலை செய்த உறை போட்டு, மேலே பித்தளைப் பிள்ளையாரை உட்கார வைத்திருந்தார். ஒரு தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை, மாமனாரோடு மூன்று நாள் பேசுவதற்கு விஷயம் இல்லாமல், பிள்ளையாரை இறக்கி வைத்துவிட்டு அதில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸுக்கு நம் அரசு வண்டியின் சிவப்பு நிறத்தையும் பூசினார். நம்பர் பலகையில் மாமனாரின் பழைய வண்டி நம்பர்கூட இருந்தது.

"இது உங்க சிராடி காட் ரோடுதான் மாமா. ஓட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் அக்கி ரொட்டி சாப்பிடப் போனார்.

அன்றிலிருந்து கௌடா காலையில் குளித்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். கண்டக்டர் இல்லாமல் அரசு வண்டி எடுக்கக் கூடாது என்பதால், இரண்டு தெரு தள்ளி இருந்த புடான் சாபுவுக்கு ஆள் அனுப்பினார். புடான் சாபு அவரோடு பத்தொன்பது வருடம் அதே வண்டியில் டிக்கெட் கிழித்தவர். மீதிச் சில்லறையைப் பயணி இறங்கும் வரை மறந்திருப்பதில் கைதேர்ந்தவர். அவர் ஒரு முக்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வாயில் விசில் இல்லாததால் நாக்கை மடித்து ஊதினார். சமையலறையிலிருந்து தாயம்மா, "ரெண்டு பேருக்கும் சம்பளம் எப்ப வரும்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

வண்டி கிளம்பியது. கிளம்பியதே தவிர, போனது என்று சொல்ல முடியாது. திரையில் மலை என்பது கரைத்து ஊற்றிய களியாக இருந்தது. மரங்கள் பச்சைத் தீற்றலாக, பஸ் தாண்டிப் போன பிறகு நிதானமாக வந்து நின்றன. போர்டுகளில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எறும்பு ஊர்ந்தது. எதிரே லாரி வருகிறதா, மாட்டு வண்டியா, பக்கத்து ஊர் தேரா என்று தெரிவதற்குள் அது கடந்துவிடும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இறங்கினால், ஒரு பாலம் வரும். சிராடியில் இருக்கிற கெம்புஹொளே பாலம்தான் அது என்று கௌடா அடையாளம் சொன்னார். அங்கே படம் அப்படியே உறைந்துவிடும். ஹாரன் மட்டும் நிற்காமல் அலறிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் நெல்யாடிக்கு வண்டி போனதே இல்லை.

வளைவுகள்கூட சரியாக இல்லை. தோணிகல் ஸ்டாப்புக்கு அப்புறம் இடது பக்கம் திரும்ப வேண்டிய ரோடு வலது பக்கம் திரும்பியது.

"இந்த வளைவு இங்க கிடையாதே கௌட்ரே?" என்றார் சாபு.

"ரோட்டை அகலப்படுத்தறாங்க இல்ல? புதுசா வெட்டியிருப்பாங்க."

சாபு ஏற்றுக்கொண்டார். சிராடி ரோட்டை அகலப்படுத்துகிறார்கள் என்றால் ஹாசனில் எதை வேண்டுமானாலும் நம்புவார்கள்.

கெம்புஹொளேயில் முந்நூறாவது தடவை நின்றபோது கௌடா பொறுமை இழந்து நளினாக்ஷியிடம் போனார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். நாற்பது வயது, நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் அதற்கும் சர்வீஸ் சார்ஜ் போடுவாள் என்று பேர்.

"பெட்டி ரொம்பப் பழசு கௌட்ரே. புதுசு வாங்குங்க. நாப்பதாயிரம் ஆகும்."

"நாலாயிரத்துக்குள்ள சொல்லு."

அவள் அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கிப் போடலாம். பெருசா வாங்கினா உங்க பெட்டியோட பவர் சப்ளை தாங்காது. தனியா கரண்ட் வயர் கேக்காத சின்னக் கார்டா பாத்து வாங்குங்க. கொண்டு வாங்க, நானே மாட்டித் தரேன்."

இங்கேதான் கௌடா தன் வாழ்க்கையின் பெரிய தப்பைச் செய்தார். "முப்பத்தோரு வருஷம் டீசல் இன்ஜினோட குடும்பம் நடத்தினவன்மா நான். ஒரு அட்டையைச் சொருகறதுக்கு ஆள் வேணுமா?" என்றார். நளினாக்ஷி அடுத்த ஆளைக் கவனித்தாள்.

ஓய்வு பெற்றவர்களுக்கான இலவச பாஸில் இருவரும் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போனார்கள். கௌடா பெட்டியின் உள்ளளவைச் சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுபோயிருந்தார். எந்தக் கடையில் கார்டை எடுத்துக் காட்டினாலும் முதலில் கயிற்றை வைத்து அளந்தார். மூன்று விசிறிகள் வைத்த ராட்சசக் கார்டு ஒன்றைப் பார்த்து இருவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதன் விலையைக் கேட்டதும் மறுபடியும் கும்பிட்டார்கள். கடைசியில் உள்ளங்கை அகலத்தில், ஒற்றை விசிறியோடு ஒரு கார்டு கயிற்றுக்குள் அடங்கியது. கடைக்காரர் தன் மெஷினில் போட்டு ஓட்டியும் காட்டினார். நாலாயிரத்து இருநூறு சொன்னார். சாபு நாலாயிரத்தை நீட்டிவிட்டு, "இருநூறுக்குச் சில்லறை இல்ல, அடுத்த தடவை தரேன்" என்றார். பத்தொன்பது வருடம் பயணிகளிடம் பயின்ற அந்த முகபாவத்தைப் பார்த்துக் கடைக்காரரும் விட்டுவிட்டார். பணத்தில் பாதி சாபுவுடையது, பாதி தாயம்மாவுக்கு தசராப் புடவை எடுக்க வைத்திருந்தது. தாயம்மாவுக்கு அது இன்னும் தெரியாது.

மறுநாள் ஆயுத பூஜை. நல்ல நாளில் மாட்ட வேண்டும் என்று கௌடா தீர்மானித்திருந்தார். டிப்போவில் பஸ்ஸுக்கு என்னென்ன செய்வாரோ அத்தனையும் கம்ப்யூட்டருக்கும் நடந்தது. பெட்டியைக் கழுவியே தீருவேன் என்று வாளியோடு வந்தவரைத் தாயம்மா தடுத்துவிட்டார். ஈரத் துணியோடு சமாதானமானார். வாழைக்கன்று கட்டினார். விபூதிப் பட்டை போட்டார். சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். பெட்டியின் நாலு ரப்பர் கால்களுக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்து, பெட்டியை ஒரு ஜாண் முன்னால் தள்ளி நசுக்கினார். பஸ் என்றால் ஏறி நசுக்கும், இதைக் கையால் அழுத்த வேண்டியிருந்தது. வாசலில் பூசணிக்காய் உடைத்தது வழக்கம்போல சாபு. டிப்போவிலும் அது எப்போதும் அவர் வேலை.

கடைசியாக பானெட் திறக்கிற மாதிரிப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். என்ஜின் மேல் ஒரு கை அட்சதை போடாமல் அவர் ஒரு வருடமும் வண்டி எடுத்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு மஞ்சள் அரிசியை உள்ளே தாராளமாகத் தூவினார். பிறகு கார்டை எடுத்து அதன் இடத்தில் வைத்து அழுத்தினார். கொஞ்சம் முரண்டு பிடித்தது.

"உள்ள போக மாட்டேங்குதே?" என்றார் சாபு.

"புது கியர் பாக்ஸ் அப்படித்தான் இருக்கும். ஓட ஓட இளகிடும்." உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, திருகாணியை முறுக்கினார்.

திரையின் வயரைக் கார்டில் மாட்டினால் ஒன்றும் தெரியவில்லை. இருட்டு. பழைய இடத்திலேயே மாட்டினார், படம் வந்தது. சாபு சந்தேகமாகப் பார்த்தார்.

"சமையல் உள்ள நடக்குது சாப்ரே. எந்தக் கதவு வழியா பரிமாறினா உமக்கு என்ன?"

"விசிறி சுத்தலியே?"

"சத்தமே இல்ல பாருங்க. நல்ல இன்ஜினுக்கு அதுதான் லட்சணம்."

அடுத்த மூன்று மாதம் ஹாசனில் அந்தக் கார்டின் புகழ் பரவிய அளவுக்கு வேறு எந்தக் கார்டும் பரவியிருக்காது. பால்காரர், பேப்பர்காரர், மின் மீட்டர் படிக்க வந்தவர் என்று ஒருவரையும் கௌடா விடவில்லை. "முன்னெல்லாம் இந்த மரம் தெரியாது. இப்ப இலை இலையா தெரியுது" என்று பச்சைத் தீற்றலைக் காட்டினார். மீட்டர்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ஆமாமா" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனார். சாபுவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தெரியவில்லை என்று சொன்னால் தன் பங்கு இரண்டாயிரம் தண்ணீரில் போனதாக ஆகிவிடும். அதனால் அவருக்குக் கௌடாவைவிட அதிகமாகவே தெரிய ஆரம்பித்தது. "அதோ மாரனஹள்ளி டீக்கடை! கடைக்காரன் பையன் நிக்கிறான் பாருங்க!" என்றார். பாலத்தில் வண்டி உறைந்தால், "மண் சரிவு. ரோட்டை மூடிட்டாங்க" என்றார். கௌடா கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுக் காபி குடித்தார். புடவை விஷயம் அதற்குள் தெரிந்துபோயிருந்த தாயம்மா காபியை வைக்கும்போது சத்தமாக வைத்தார்.

சங்கராந்தி அன்று நளினாக்ஷி புதுப் புடவையில் எள்ளு பெல்லம் கொடுக்க வந்தாள். தெருப் பெண்கள் எல்லோரும் அன்று வீடு வீடாகப் போவார்கள், இவளும் வந்தாள். தாயம்மாவிடம் எள்ளும் வெல்லமும் கரும்புத் துண்டும் கொடுத்து, மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொண்டாள். திரும்பும்போது பெட்டியின் பின்பக்கம் அவள் கண்ணில் பட்டது. ஹாலின் நடுவே, பஸ்ஸைப் போல, பெட்டியைக் குறுக்காக நிறுத்தியிருந்தார் கௌடா.

"கௌட்ரே, மானிட்டர் வயரை ஏன் பழைய இடத்துலயே மாட்டி வெச்சிருக்கீங்க?"

"சமையல் உள்ள..." என்று கௌடா ஆரம்பித்தார்.

அவள் கேட்கவில்லை. பட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மூடியைத் திறந்தாள். காய்ந்த சாமந்தி உதிர்ந்தது. ஆணியைக் கழற்றி, கார்டை வெளியே இழுத்து, அது உட்கார்ந்திருந்த பள்ளத்துக்குள் ஊக்கை விட்டு நெம்பினாள். ஒரு மஞ்சள் அரிசி தெறித்து சாபுவின் மடியில் விழுந்தது.

"இதுதான் உங்க கியர் பாக்ஸ்" என்றாள் நளினாக்ஷி. "கார்டு உள்ள இறங்கவே இல்ல. வாங்கின நாள்லேருந்து ஒரு நிமிஷம்கூட வேலை செய்யல."

தாயம்மா சாவகாசமாக வந்து எட்டிப் பார்த்தார். "நாலாயிரம் ரூபா சாமானை ஒரு அரிசி மேல உக்கார வெச்சிருக்கீங்க. என் புடவை இருந்தா நானாவது உடுத்தியிருப்பேன்."

"இலை இலையா தெரிஞ்சுதே" என்றார் சாபு, யாரிடம் என்று இல்லாமல்.

நளினாக்ஷி கார்டைத் துடைத்து, அழுத்தினாள். இந்தத் தடவை 'டக்' என்று உட்கார்ந்தது. விசிறி சுற்றியது. வயரை மாற்றினாள், என்னென்னவோ தட்டினாள், நடுவில் இரண்டு கரும்புத் துண்டு தின்றாள். அரை மணி நேரத்தில், "இப்ப ஓட்டுங்க" என்று எழுந்துகொண்டாள். கௌடா உள்ளே போய் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சாபு நாக்கை மடித்து ஊதினார்.

வண்டி கிளம்பியது. இம்முறை நிஜமாகவே போனது, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. சிவப்பு பஸ்ஸின் கண்ணாடியில் வெயில் பளபளத்தது. மரங்கள் வர வேண்டிய நேரத்தில் வந்தன. ஊசி ஊசியாக, கோபுரம் போலக் குவிந்த மரங்கள். சிராடியில் அப்படி ஒரு மரம் கிடையாது. மலை உச்சியில் வெள்ளையாக இருந்தது. பனி என்று கௌடாவுக்குத் தெரிய ஒரு வளைவு ஆனது.

"தோணிகல்! தோணிகல் இறங்குறவங்க..." என்று ஆரம்பித்த சாபு, போர்டைப் பார்த்து நிறுத்தினார். போர்டு தெளிவாகத்தான் இருந்தது. அது எந்த ஊர் எழுத்து என்றுதான் தெரியவில்லை. மாரனஹள்ளி டீக்கடை இருந்த இடத்தில் சிவப்பு ஓடு போட்ட ஒரு மரவீடு, ஜன்னலில் பூத்தொட்டி. சரிவில் மாடுகள் மேய்ந்தன, ஒவ்வொன்றும் கல்யாண மாப்பிள்ளையைவிடச் சுத்தமாக. பாலம் வந்தது. வண்டி நிற்கவில்லை, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் தாண்டிவிட்டது. இத்தனை மாதமாகக் காத்திருந்த பாலம் அது.

கீழே மலை முடிந்த இடத்தில் ஒரு நீல ஏரி, கரையில் கடிகாரம் வைத்த ஒரு சர்ச். ரோடு அங்கேயே முடிந்தது. கௌடா வண்டியை ஓரம் கட்டி, கைப்பிரேக் போட்டார்.

"எவ்வளவு கிளியரா இருக்கு பாத்தீங்களா!" என்றாள் நளினாக்ஷி பெருமையாக.

"இது எந்த ஊருங்க?" என்றார் தாயம்மா.

"தெரியல" என்றார் கௌடா.

வண்டி ஓட்டி வந்த டிரைவர் வந்து சேர்ந்த ஊர் தெரியாது என்று சொன்னார். கேட் சாவியைக் கையில் கொடுத்த அன்று வராத அழுகை அவருக்கு அப்போது வந்தது. காக்கிச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை மேல்கூட அவருக்குக் கோபம் வரவில்லை. ஒன்றும் தெரியாமல் இருந்த வரைக்கும் எல்லாமே அவருக்குத் தெரிந்திருந்தது, இப்போது போய்விட்டது, அதுதான் வலித்தது. நளினாக்ஷிக்கு எதுவும் புரியவில்லை. தாயம்மாவுக்குப் புரிந்தது, அவர் குனிந்து, உதிர்ந்து கிடந்த சாமந்தியைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"சாப்ரே, அந்த அரிசி எங்க?" என்றார் கௌடா.

சாபு உள்ளங்கையை விரித்தார். அவர் அதைக் கீழே போடவே இல்லை.

"இருந்த எடத்துலயே போட்டுடும்மா."

நளினாக்ஷி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்தினாள். "வேண்டாம்னா கார்டைக் கழட்டிடலாமே கௌட்ரே. யாருக்காவது வித்தாலும் காசு வரும்."

"கழட்டக் கூடாது. பூஜை பண்ணது."

அவள் தாயம்மாவைப் பார்த்தாள். தாயம்மா, "சொன்னதைச் செய்டி, பண்டிகை நாள்ல ஏன் தகராறு" என்றார். நளினாக்ஷி அட்சதையைப் பள்ளத்தில் போட்டு, கார்டை அதன் மேல் வைத்து, வயரைப் பழைய இடத்தில் மாட்டினாள். இப்படி ஒரு வேலைக்கு என்ன சார்ஜ் போடுவது என்று தெரியாமல், ஒன்றும் வாங்காமல் போனாள்.

விசிறி அடங்கியது. மலை மறுபடியும் களியானது. பச்சைத் தீற்றல்கள் பஸ் போன பிறகு வந்து நின்றன. சாபு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தோணிகல்! தோணிகல் இறங்குறவங்க முன்னாடி வாங்க, சில்லறையைக் கையில வெச்சுக்குங்க!"

ஒரு மணி நேரம் கழித்து கெம்புஹொளே பாலத்தில் வண்டி நின்றது. ஹாரன் அலறியது. தாயம்மா இரண்டு தம்ளர் காபியைக் கொண்டுவந்து, இந்தத் தடவை சத்தமில்லாமல் வைத்தார்.

"என்னவாம்?" என்று கேட்டார்.

"மண் சரிவு" என்றார் சாபு.

"எப்ப வழி விடுவாங்களாம்?"

கௌடா காபியை ஆற்றிக்கொண்டே திரையைப் பார்த்தார். "என்ன அவசரம்? இது ஒண்ணும் கடைசி ட்ரிப் இல்லையே" என்றார்.